கதவைத் தூக்கிச் சாத்தவும்

ஊரைக் கார் வைத்திருப்பவர்கள், கார் இல்லாதவர்கள் என்று இரண்டாகப் பிரிக்கிறவர்கள் விவரம் தெரியாதவர்கள். நடுவில் இன்னொரு கூட்டம் இருக்கிறது. இவர்களிடம் கார் உண்டு. சொந்தக் கார். சாவி உண்டு, நான்கு சக்கரம் உண்டு, மழையில் நனையாமல் இருக்கக் கூரை உண்டு, அந்தக் கூரை வழியாக நனைவதும் உண்டு. ஆனால் நாளைக் காலை ஒரு முக்கியமான வேலை என்றால் இவர்கள் பஸ்ஸில் போவார்கள். ஏன் சார், காரில் போகலாமே என்று கேட்டுப் பாருங்கள். "அவசரத்துக்கெல்லாம் அதை எடுக்க முடியுமா?" என்று, நீங்கள்தான் ஏதோ கூடாததைக் கேட்டுவிட்டது போலப் பார்ப்பார்கள்.

இந்த இனத்தைத் தெரிந்துகொள்ள நீங்கள் அதிகம் அலைய வேண்டாம். காலையில் உங்கள் தெருமுனையில் ஒருவர் காரின் முன்மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு, இடுப்பில் இரண்டு கைகளையும் ஊன்றி, உள்ளே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார். என்ன பார்க்கிறார்? அவருக்கே தெரியாது. ஆனாலும் பார்ப்பார். போகிறவர் வருகிறவர் நாலு பேர் வந்து அவரோடு சேர்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்கும் தெரியாது. கொஞ்ச நேரம் எல்லோரும் மௌனமாகப் பார்த்த பிறகு, அவர் எதையோ ஒரு தட்டுத் தட்டி மூடியைச் சாத்துவார். கார் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புதுக் கார் வாங்கியவன் முகத்தில்கூட அந்தச் சந்தோஷத்தை நான் கண்டதில்லை.

எனக்கு எப்படி இவ்வளவு தெரியும் என்கிறீர்களா? நான் போட்டோவுக்கு பிரேம் போட்டுக் கொடுக்கிறவன். என் கடைக்கு அடுத்த கடை மூக்குக்கண்ணாடிக் கடை. இரண்டு பேருக்கும் கண்ணாடிதான் பிழைப்பு. அந்தக் கடைக்காரர்தான் நான் சொல்லும் இனத்தில் தலைசிறந்தவர். பல வருஷமாக அவர் காரைத் தள்ளிவருகிறவன் என்ற முறையில், இதைப் பற்றிப் பேச என்னைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை.

கண்ணாடிக்காரருடைய கார், விற்பனைக்கு வந்த காலத்திலேயே மலிவானது. அவர் அதை மூன்றாவது கையாக வாங்கினார். முதல் இரண்டு கைகளும் விட்டது ஏன் என்று அவர் யோசிக்கவில்லை. வாங்கிய புதிதில் அது பச்சை நிறமாக இருந்ததாக அவர் மனைவி சொல்வார். இப்போது ஒவ்வொரு கதவும் ஒவ்வொரு நிறம். "நாலு பேர் நாலு விதமாச் சொல்லுவாங்க, அதான் நாலு நிறமும் வெச்சிருக்கேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

அந்தக் காருக்கு வீட்டில் 'பெரியவர்' என்று பெயர். வெறும் பெயர் இல்லை, மரியாதையும் சேர்த்துத்தான். "பெரியவர் எழுந்துட்டாரா?" "பெரியவருக்கு இன்னைக்கு மூச்சு வாங்குது." "பெரியவரை வெயில்ல நிக்க வைக்காதீங்க." ஒரு நாள் கடை திறக்க நேரமாகிவிட்டது. காத்திருந்த ஒரு வாடிக்கையாளர் கண்ணாடிக்காரர் வீட்டுக்கே போன் செய்தார். எடுத்தது அவர் மனைவி. "காலையில இருந்து பெரியவர் கண்ணே திறக்கலை. எல்லாரும் சேர்ந்து உலுக்கிப் பாத்துட்டோம், அசையலை. எடுத்துட்டுப் போக ஆள் வந்துட்டிருக்காங்க" என்றார். வாடிக்கையாளர் பதறிப்போய்த் தெருக் கடைக்காரர்களிடமெல்லாம் சொல்லி, அரை மணி நேரத்தில் ஏழெட்டுப் பேர் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். கண்ணாடிக்காரர் அசரவில்லை. "வந்ததுதான் வந்தீங்க, ஆளுக்கு ஒரு கை போடுங்க" என்று காரின் பின்பக்கத்தைக் காட்டினார்.

இவர்களுடைய அகராதியில் இல்லாத வார்த்தை ஒன்று உண்டு: ரிப்பேர். நாக்கு தவறிக்கூடச் சொல்லமாட்டார்கள். அதற்குப் பதிலாக ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள்: பக்குவம். "ரிப்பேரெல்லாம் இல்லை சார், அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு."

பெரியவருக்குள் முதல்முறையாக ஏறுகிறவருக்கு இந்தப் பக்குவங்கள் அனைத்தும் பாடமாக நடத்தப்படும். கதவை இழுத்துச் சாத்தக் கூடாது; இரண்டு கையால் மேலே தூக்கி, தோளால் ஓர் இடி கொடுத்துச் சாத்த வேண்டும். ஜன்னலை இறக்கும் கைப்பிடி நான்கு ஜன்னலுக்கும் சேர்த்து ஒன்றுதான். வேண்டியவர் கேட்டு வாங்கிச் சுற்றிவிட்டு அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். பின்சீட்டில் இடது ஓரம் உட்காரக் கூடாது. ஏன் என்று கேட்கவும் கூடாது. ஹாரனை அழுத்தினால் அடிக்காது. இடது பக்கம் திரும்பினால் தானாக அடிக்கும். "நல்லதுதானே? திரும்பறோம்னு நாலு பேருக்குத் தெரிய வேண்டாமா?" கிளம்புவதற்கு முன் முன்பலகையை இரண்டு தட்டுத் தட்டி, "கிளம்பலாமா பெரியவரே?" என்று கேட்க வேண்டும். பிரேக்கை இரண்டு தடவை மிதிக்க வேண்டும். "முதல் மிதி சொல்றதுக்கு, ரெண்டாவது மிதி நிக்கறதுக்கு." நிறுத்தியதும் இறங்கி ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்குக் கல் வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமானது, பெரியவருக்குள் உட்கார்ந்துகொண்டு அவரை விற்பதைப் பற்றி மூச்சே விடக் கூடாது. காதில் விழுந்துவிடுமாம்.

சரிவுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் இந்த இனத்தைப் பற்றிச் சொன்னதாகவே ஆகாது. நாமெல்லாம் ஊரை வீதிகளாகவும் கடைகளாகவும் பார்க்கிறோம். கண்ணாடிக்காரர் மேடும் பள்ளமுமாகப் பார்க்கிறார். கல்யாணத்துக்குப் போனாலும் ஆஸ்பத்திரிக்குப் போனாலும் சரிவு எங்கே இருக்கிறதோ அங்கேதான் காரை நிறுத்துவார். சரிவிலிருந்து கல்யாண வீடு எவ்வளவு தூரம் என்பது அவருக்கு இரண்டாம்பட்சம். "பாதி தூரம் நடக்கணும்னா கார் எதுக்கு?" என்று நான் ஒருமுறை கேட்டேன். "மீதிப் பாதிக்கு" என்றார்.

அவர் தன் காரைக் கேலி செய்வதில் மன்னர். புதிதாகக் கண் பரிசோதனைக்கு வந்து உட்கார்ந்தவரிடம்கூட, எழுத்துப் பலகையை மாட்டுவதற்குள் இரண்டு கார் ஜோக் சொல்லிவிடுவார். என் கார் போகும்போது சத்தம் வராத ஒரே பாகம் ஹாரன்தான் என்பார். திருடன் ஒருவன் எடுத்துப்போய், முதல் வளைவிலேயே நிறுத்திவிட்டு, வீட்டுக்கு வந்து கதவைத் தட்டி, "அண்ணே, கொஞ்சம் தள்ள வாங்க" என்று கூப்பிட்டதாகச் சொல்வார். நீங்களும் வயிறு குலுங்கச் சிரிக்கலாம். சிரிப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீங்கள் ஒரு ஜோக் சொல்லிவிடாதீர்கள்!

இந்தச் சட்டம் தெரியாமல் மாட்டிக்கொண்டவர் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. குழாய், தொட்டி, பீங்கான் சாமான்கள் விற்கிறவர். நல்ல வியாபாரம். புதுக் கார் வைத்திருந்தார். தொடுதிரை உண்டு, தானாக ஏறி இறங்கும் கண்ணாடி உண்டு, கதவைத் திறந்தால் வணக்கம் சொல்கிற குரலும் உண்டு. ஒரு குடும்ப விருந்தில் கண்ணாடிக்காரர் தன் காரைப் பற்றி, "மண்ணைப் போட்டா பூச்செடி வளர்க்கலாம்" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். அடுத்த வாரம் வேறொரு வீட்டு விருந்தில் மச்சான் அதே ஜோக்கைச் சொன்னார். ஓர் எழுத்துக்கூட மாற்றவில்லை. கண்ணாடிக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அதோடு மச்சானிடம் பேச்சு நின்றுபோனது.

"நீங்க சொன்னதைத்தானேங்க அவனும் சொன்னான்?" என்றார் மனைவி.

"நான் சொன்னா அது தமாஷ். அவன் சொன்னா அது அபிப்பிராயம்" என்றார் கண்ணாடிக்காரர்.

இதுவரை கதை சிரிப்பாகப் போனது. சிக்கல் அவர் மகளால் வந்தது. வீட்டில் அவளைப் பாப்பா என்பார்கள். படித்து முடித்து, விழுந்து அடிபட்டவர்களுக்கும் பக்கவாதம் வந்தவர்களுக்கும் கைகால் பயிற்சி கொடுக்கிறவளாக இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. வீடு வீடாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் வேலை. அவள் ஆசைப்பட்ட வேலை. வண்டி ஆஸ்பத்திரியே கொடுக்கும். ஓட்டுகிற லைசென்ஸ் மட்டும் அவள் கொண்டுவர வேண்டும். அந்த மாதம் முடிவதற்குள் கொண்டுவராவிட்டால் வேலை அடுத்த ஆளுக்குப் போய்விடும் என்று சொல்லியிருந்தார்கள்.

ஓட்டக் கற்றுக்கொடுத்தது யார்? வேறு யார், அப்பாதான். எதில்? இதென்ன கேள்வி?

"பயிற்சிப் பள்ளியில சேத்துவிடுங்களேன்" என்று மனைவி சொல்லிப் பார்த்தார்.

"அங்க எல்லா வண்டியும் தானா ஓடும். அதுல உக்காந்து இவ என்னத்தைக் கத்துப்பா? பெரியவரை ஓட்டிட்டா உலகத்துல எதையும் ஓட்டலாம்" என்றார் கண்ணாடிக்காரர். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பாப்பா சமர்த்து. கொஞ்ச நாளில் பெரியவரின் எல்லாப் பக்குவமும் அவள் கைக்கும் காலுக்கும் வந்துவிட்டது. அவள் தோளால் கதவை இடிக்கும் சத்தத்தைக் கேட்டு, "அப்பனைவிடச் சுத்தம்" என்று நானே பாராட்டியிருக்கிறேன்.

டெஸ்ட்டுக்குப் போனாள். பெரியவரை அங்கே உள்ளேயே விடமாட்டார்கள். அந்த அலுவலகத்தின் புதுக் காரில்தான் ஓட்டிக் காட்ட வேண்டும். மத்தியானம் வீட்டுக்கு வந்தவள் தோற்றுவிட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துக்கொண்டாள். போனில் மனைவி விஷயத்தைச் சொன்னபோது கண்ணாடிக்காரர் கொதித்துப்போனார். "என் பொண்ணைத் தோக்கடிச்சுட்டானா? பெரியவரையே ஓட்டறவளை? அந்த ஆளுக்குக் கண்ணு தெரியலை பிரேம்காரரே. கண்ணாடி போட வேண்டிய ஆளு!"

அவர் சொல்லி முடிப்பதற்குள் கடைக்குள் ஒருவர் நுழைந்தார். கையில் ஒரு மூக்குக்கண்ணாடி. காதில் மாட்டும் ஒரு பக்கம் ஒடிந்து தொங்கியது. நான் சின்னத் திருப்புளி ஒன்று கேட்டு வாங்கப் போனவன், அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன சார், கீழ போட்டுட்டீங்களா?" என்றார் கண்ணாடிக்காரர், அதை வாங்கி விளக்குக்கடியில் பிடித்தபடி.

"நான் எங்க போட்டேன்? ஒரு பொண்ணு போட வெச்சா. எனக்கு லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கற வேலை சார். எத்தனையோ பேரைப் பாத்துட்டேன், இப்படி ஒருத்தியைப் பாத்ததில்லை. அடக்கமா வணக்கம் சொன்னா. உள்ள உக்காந்தா. கதவை ரெண்டு கையாலயும் பிடிச்சு அப்படியே மேல தூக்கி, தோளால ஒரு இடி இடிச்சா பாருங்க, எனக்குக் காது அடைச்சுப்போச்சு. புது வண்டி சார் அது!"

கண்ணாடிக்காரர் கையிலிருந்த திருப்புளி நின்றது.

"அப்புறம்?" என்றார்.

"அப்புறம் முன்னால இருக்கற பலகையைத் தட்டிக்கொடுத்து, 'கிளம்பலாமா பெரியவரே'ன்னா. எனக்கு அப்படியே முகம் விழுந்துபோச்சு. நான் இன்னும் ரிட்டையரே ஆகலை. தலைக்குச் சாயம்கூட அடிச்சிருக்கேன். நீங்களே சொல்லுங்க, என்னைப் பாத்தா பெரியவராட்டமா இருக்கு?"

"இல்ல சார்" என்றேன் நான். கண்ணாடிக்காரர் ஒடிந்த கண்ணாடியின்மேல் குனிந்துகொண்டார்.

"போகட்டும்னு ஓட்டச் சொன்னேன். நல்லாத்தான் ஓட்டினா. மெதுவா நிறுத்தும்மான்னேன். முதல் மிதிக்கே வண்டி நட்டுக்கிட்டு நின்னுடுச்சு. என் கண்ணாடி கழண்டு பறந்து கீழ விழுந்துது. நின்ன வண்டியில திரும்பவும் ஒரு மிதி மிதிக்கறா. எதுக்கும்மா ரெண்டாவதுன்னு கேட்டா, 'முதல் மிதி சொல்றதுக்கு, ரெண்டாவது மிதி நிக்கறதுக்கு'ங்கறா! எந்தப் புஸ்தகத்துல சார் இருக்கு இது? கண்ணாடியைத் தேடிக் குனியறேன், ஆளைக் காணோம். எட்டிப் பாத்தா, பின்னாடி ஓடி, கல்லு கிடைக்கலைன்னு என் சாப்பாட்டுப் பையை எடுத்துச் சக்கரத்துக்கு அடியில வெச்சுட்டிருக்கா. அவசரமா இறங்கினேன் பாருங்க, என் கண்ணாடி மேலயே காலை வெச்சுட்டேன்."

சுவரில் மாட்டியிருந்த கண்ணாடிச் சட்டங்கள் எல்லாம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

"பாவம், நல்ல பொண்ணு" என்றார் அவர், கொஞ்சம் இறங்கி. "தோத்துட்டேம்மான்னு சொன்னதும் கண்ணுல தண்ணி வந்துடுச்சு. ஏதோ வேலை போயிடும்னா. அடுத்த வாரம் ஒரு தேதி இருக்கு, வான்னு சொல்லியிருக்கேன். எந்த மகானுபாவன் அதுக்குக் கத்துக்கொடுத்தானோ! அந்த ஆளு மட்டும் என் கையில கிடைச்சா..."

கண்ணாடிக்காரர் குனிந்தே வேலையை முடித்தார். துடைத்தார். எழுந்து போய் அவர் மூக்கில் தானே மாட்டிவிட்டார். பழக்கத்தில் வாய் தானாகவே கேட்டது: "இப்போ தெளிவாத் தெரியுதா சார்?"

"நல்லாத் தெரியுது."

"எனக்கும்" என்றார் கண்ணாடிக்காரர்.

அன்றைக்குக் கடையைச் சீக்கிரமே சாத்தினார். இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவர் வாழ்க்கையில் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டென்றால் அதை அன்று மாலை அவர் செய்தார். மச்சான் வீட்டுக்குப் போனார். மனைவியும் கூடப் போனார். நானும் போனேன், வழியில் தள்ள ஆள் வேண்டுமே.

"மச்சான், உன் வண்டி ஒரு வாரம் வேணும். பாப்பா ஓட்டிப் பழகணும்" என்றார்.

மச்சானுக்கு நம்ப முடியவில்லை. "ஏன் மாமா, உங்க வண்டிக்கு என்ன?"

கண்ணாடிக்காரர் சுவரைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். எனக்கே பாவமாக இருந்தது. கடைசியில், பெரியவர் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்தி, "ரிப்பேர்" என்றார்.

மனைவி அவர் தோளைத் தொட்டார். அந்த வார்த்தையை அவர் வாயால் அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டாராம்.

"குடுக்கறேன் மாமா, பாப்பாவுக்கு இல்லாததா? ஆனா நான் எதுல போறது?"

"பெரியவரை எடுத்துக்கோ."

மச்சான் சிரித்த சிரிப்பில் வீட்டுக்குள்ளிருந்து பிள்ளைகள் ஓடி வந்தார்கள். கண்ணாடிக்காரர் பல்லைக் கடித்துக்கொண்டு பக்குவங்கள் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தார். மச்சான் ஒவ்வொன்றுக்கும் விழுந்து விழுந்து சிரித்தார். ஜன்னல் கைப்பிடியை அவர் கையில் ஒப்படைத்தபோது கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியதைச் சிரித்துக்கொண்டிருந்தவர் கவனிக்கவில்லை.

மறுநாளிலிருந்து காலையில் காலி மைதானத்தில் பயிற்சி. மச்சானின் கார் வணக்கம் சொல்லி வரவேற்றது. அப்பாவும் மகளும் பதிலுக்கு வணக்கம் சொன்னார்கள். அதற்குப் பிறகு என்ன செய்வதென்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"கதவைத் தூக்காத. சும்மா இழு."

"சாத்தாதுப்பா."

"சாத்தும். நம்பு."

சாத்தியது. பாப்பா அதை நம்பாமல் மறுபடி திறந்து, மறுபடி சாத்திப் பார்த்தாள். இதுதான் இந்த இனத்தின் கஷ்டம். எதுவும் ஓடாது என்று தெரிந்தால் இவர்களுக்குப் பயமே கிடையாது. எல்லாம் தானாக ஓடும் என்றால்தான் உள்ளங்கை வியர்க்கும். பாப்பா ஒரு தடவை பிரேக்கை மிதித்துவிட்டு இரண்டாவது மிதியைக் காலுக்குள்ளேயே அடக்கிக்கொள்ளப் படாதபாடு பட்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாவின் கால் அவருக்குத் தெரியாமல் தரையை மிதித்துக்கொண்டே இருந்தது.

"ஒண்ணுமே செய்யாம உக்காந்திருக்க பயமா இருக்குப்பா. இந்தத் தடவையும் விட்டுட்டேன்னா?"

"விடமாட்ட. தப்பு உன்மேல இல்லை பாப்பா" என்றார் கண்ணாடிக்காரர். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்தப் பக்கம் மச்சான்? முதல் நாள் நடந்து வீட்டுக்குப் போனார். இரண்டாம் நாள் போனில் கண்ணாடிக்காரரைத் திட்டித் தீர்த்தார். அடுத்த நாள் திட்டவில்லை, சந்தேகம் கேட்டார். "மாமா, குளிர்ந்த நேரத்துல எத்தனை தட்டு?" அதற்கடுத்த நாள், கடைத்தெருவுக்குப் பின்னால் நல்ல சரிவு ஒன்று இருப்பதாக அவரே தகவல் சொன்னார். பிறகு போனே வரவில்லை. பெரியவருக்கு என்ன ஆனதோ என்று கண்ணாடிக்காரர் தவித்துப்போனார். ஆனால் பாப்பாவின் காரியம் முடியும் வரை கேட்பதில்லை என்று வாயைக் கட்டிக்கொண்டார்.

டெஸ்ட் நாள் வந்தது. மச்சானின் காரில் போய் இறங்கினோம். கம்பி வேலிக்கு இந்தப் பக்கம் நானும் கண்ணாடிக்காரரும் அவர் மனைவியும். அந்தப் பக்கம் பாப்பாவும் அதே அதிகாரியும். அவர் ஒரு கையால் மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டும், இன்னொரு கையால் சாப்பாட்டுப் பையை மடியில் அணைத்துக்கொண்டும் உட்கார்ந்தார்.

பாப்பாவின் இரண்டு கையும் கதவுக்குப் போயின. ஒரு கை திரும்பி வந்தது. மற்றக் கை மெதுவாக இழுத்தது, கதவு சாத்திக்கொண்டது. கை முன்பலகையை நோக்கி எழுந்தது. கண்ணாடிக்காரர் என் தோளை நசுக்கினார். எழுந்த கை அப்படியே மேலே போய், பின்னால் பார்க்கும் கண்ணாடியைச் சரிசெய்தது. கார் நகர்ந்தது. வளைந்தது. நின்றது. ஒரே மிதி. அதிகாரியின் கண்ணாடி அதன் இடத்திலேயே இருந்தது. எல்லாம் முடிந்து ஓரமாக நிறுத்தியவள் கதவைத் திறந்து இறங்கினாள். தரையைப் பார்த்தாள். அங்கே நன்றாகக் கைக்கடக்கமான கல் ஒன்று கிடந்தது.

"எடுக்காத பாப்பா" என்று கண்ணாடிக்காரர் முணுமுணுத்தார்.

பாப்பா கல்லைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே குனிந்து கைபிரேக்கை ஒரு தடவை சரிபார்த்துவிட்டு வந்துவிட்டாள். அதிகாரி சிரித்துக்கொண்டே காகிதத்தில் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்காரர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். சொல்ல என்ன வெட்கம், நானும்தான்.

"உங்க பொண்ணா?" வெளியே வந்த அதிகாரி அடையாளம் கண்டுகொண்டார். "அப்போ அந்த மகானுபாவன்..."

"நான்தான் சார்."

அவர் என்ன செய்திருப்பாரோ, அதற்குள் தெருமுனையில் ஹாரன் சத்தம் கேட்டது. விடாமல் கேட்டது. பெரியவர் இடது பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார். வாசலில் வந்து குலுங்கி நின்றார். உள்ளிருந்து குதித்த மச்சான் முதலில் பின்சக்கரத்துக்குக் கல் வைத்தார். பிறகுதான் பாப்பாவின் முகத்தைப் பார்த்து, "பாஸா?" என்று கத்தினார்.

"என்னய்யா இது, ஓட்டை வண்டி!" என்றார் அதிகாரி. "இதுலயா கத்துக்கிச்சு அந்தப் பொண்ணு?"

கண்ணாடிக்காரர் முகம் சிவந்தது. ஆனால் பதில் சொன்னது அவரில்லை.

"சார், பெரியவரைப் பத்திக் கொஞ்சம் மரியாதையாப் பேசுங்க" என்றார் மச்சான். "ஓட்டையெல்லாம் இல்லை. அதுக்கு ஒரு பக்குவம் இருக்கு."

சொல்லிவிட்டுத் தன் புதுக் காரில் ஏறி உட்கார்ந்தார். வணக்கம் சொன்ன குரலை அவர் காதில் வாங்கவில்லை. இரண்டு கையாலும் கதவைப் பிடித்து, மேலே தூக்கி, தோளால் ஓர் இடி இடித்தார்.

"மச்சான், அது உன் வண்டி" என்றார் கண்ணாடிக்காரர், அன்பாக.

அந்த அலுவலக வாசலில் சரிவு கிடையாது. ஆகவே பெரியவரைத் தள்ள வேண்டியிருந்தது. பாப்பா ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். கண்ணாடிக்காரர், அவர் மனைவி, மச்சான், நான். போதவில்லை. அதிகாரி அக்கம்பக்கம் பார்த்தார். பையைக் கீழே வைத்தார். ஒரு கையால் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைப் பின்பக்கம் ஊன்றினார். பெரியவர் இருமிக்கொண்டு கிளம்பியதும் அவர் முகத்தைப் பார்த்தேன். முதலில் சொன்னேனே, அதே சந்தோஷம். அவ்வளவுதான், அவரும் தொலைந்தார்.

ஆக, இது ஒட்டுவாரொட்டி வியாதி. இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டிருந்த உங்களுக்கு ஒன்றும் இல்லை என்கிறீர்களா? என்னிடம் காரே இல்லையே என்கிறீர்களா? இருக்கட்டும். உங்கள் வீட்டுக் குளியலறைத் தாழ்ப்பாள் எப்படி? விருந்தாளி உள்ளே போனதும் நீங்கள் வெளியே நின்று, "கொஞ்சம் தூக்கிப் போடுங்க, அப்பதான் விழும்" என்று கத்துவதில்லையா? உங்கள் போனுக்குச் சார்ஜ் ஏற, ஒயரை ஒரு பக்கமாக வளைத்து, மேலே ஒரு புத்தகத்தை வைப்பதில்லையா? அந்தப் புத்தகம் இதுவாகவே இருந்தாலும் எனக்கு வருத்தமில்லை.

அதைப் பற்றி யாராவது உங்களிடம் கேட்கும்போது என்ன சொல்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ரிப்பேர் என்று சொல்வீர்களானால் தப்பித்தீர்கள். நிம்மதியாகப் போய் வாருங்கள். அந்த இன்னொரு வார்த்தைதான் வாயில் வருகிறது என்றால் நீங்களும் நம்ம ஆள்தான். சட்டைக் கையை மடித்துக்கொண்டு இப்படிப் பின்னால் வாருங்கள், தள்ள ஒரு கை குறைகிறது.